வெள்ளிக்கிழமைத் துண்டுகள்

உற்பத்திப் பொறியியலில் முதுகலை படிக்க இமாஸ் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கராவாங்கில் மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஆலையில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர். வீட்டிலிருந்தே இணையவழியில் படித்திருக்கலாம். மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு, பாண்டுங்கில் அறை எடுத்துத் தங்கினார்.

"மெஷின் பக்கத்துல நிக்காம என்ன படிப்பு, காங்?" என்பார் என்னிடம்.

எங்கள் பக்கத்தில் ஆணை மரியாதையாகக் கூப்பிட்டால் காங், பெண்ணைத் தேத்தே. அண்ணன், அக்கா மாதிரிதான்; இமாஸ் எனக்குத் தேத்தே. நான் ஓமான், அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன்.

உடன் படித்தவர்கள் எல்லாம் அவர் மகள் வயதுப் பிள்ளைகள். அவர்கள் இவருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் ஒரே தட்டில் லோத்தெக் என்ற காய்கறிக் கலவையை வாங்கி, கடலைச் சாந்தைக் கடைசிவரை வழித்துத் தின்றார்கள். அந்த அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், பார்க்க எனக்கே பொறாமை.

ஆய்வு எளிமையானது. அலுமினியத்தைக் கடையும்போது குளிர்விக்கும் எண்ணெயை எவ்வளவு குறைத்தால் அளவு கெடாது என்பதுதான். காலையில் நான் லேத்தில் கடைந்து கொடுப்பேன். துண்டுகளை, ஏசியால் இருபது டிகிரியில் வைத்திருக்கும் அளவெடுக்கும் அறையில் ஆறவைத்து, சாப்பிட்டு வந்து அவர் அளப்பார்.

மூன்றாம் மாதம் வந்தது வினை. வெள்ளிக்கிழமைத் துண்டுகள் மட்டும் ஏழெட்டு மைக்ரான் பருத்திருந்தன. தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குதான். எங்கள் தொழிலில் அது மலை.

வழிகாட்டி ஹெர்லினா அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்." மாத முடிவுக்குள் கையெழுத்து இல்லையென்றால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். பட்டத்தோடு திரும்பினால் தருகிறோம் என்று பழைய ஆலையில் இவருக்காக வைத்திருந்த தரப் பிரிவுத் தலைவர் நாற்காலி அதுவரை காத்திருக்காது.

இமாஸ் நேராக என்னிடம் வந்தார். "வெள்ளிக்கிழமைன்னா தொழுகைக்குக் கிளம்புற அவசரம். டூலைச் சரியா முடுக்காம விட்டுடுறீங்களா, காங்?"

எனக்குச் சுருக்கென்றது. "இருபத்தாறு வருஷமா முடுக்குறேன் தேத்தே. உங்க ஆலையில ஆளுங்களை மிரட்டுன மாதிரி இங்க மிரட்டாதீங்க."

ஒரு வாரம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மசூதிக்குப் பாதி வழி போனபிறகு, தலையில் தொப்பி இல்லை என்று தெரிந்தது. திரும்பி ஓடிவந்தேன். ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. அளவெடுக்கும் அறை இருட்டாக இருந்தது. ஏசி சத்தமும் இல்லை.

தொழுகையில் மனம் நிற்கவில்லை, கடவுள் மன்னிக்கட்டும். முடிந்ததும் முதல் ஆளாக வந்து பார்த்தேன். சுவரிலிருந்த வெப்பமானி இருபத்து நாலு காட்டியது. ஓரமாக நின்றுகொண்டேன். இமாஸ் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி உள்ளே வந்தார். அவர் கை தானாகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சுகளை ஒரே வீச்சில் தட்டியது. விளக்கு எரிந்தது, ஏசி ஓடத் தொடங்கியது.

"கையை எடுக்காதீங்க தேத்தே. அது எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கடைசியா போறவங்க எல்லாத்தையும் அணைச்சிட்டுப் போகணும். ஆலையில அதான் சட்டம்..." என்று முணுமுணுத்தார். மற்ற நாட்களில் நான் கூடத்திலேயே சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி ஆள் அவர். அறை சூடாகும், துண்டுகளும் சூடாகிப் பருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்லவேளை, எல்லாத் துண்டுகளையும் தேதி எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். திங்கட்கிழமை வரை ஆறவைத்து மறுபடி அளந்தோம். ஒன்றுகூட விலகவில்லை. ஹெர்லினா அம்மா கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வில் இமாஸ் சிற்றுண்டிப் பெட்டி கொடுத்து என்னையும் பின்வரிசையில் உட்காரவைத்தார். தேர்வாளர் ஒருவர் கேட்டார்: "வெள்ளிக்கிழமைத் துண்டுகளை ஏன் ரெண்டு தடவை அளந்தீங்க?"

காற்று, ஈரப்பதம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"ஏசியை அணைச்சது நான், ஐயா. பழியைப் போட்டது காங் ஓமான் மேல. கண்டுபிடிச்சதும் அவர்தான். ஆய்வேட்டுல நாலாம் அத்தியாயத்துல அவர் பேரோட எழுதியிருக்கேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் பலகாரத்தோடு நான் பாதி எழுந்து தலையாட்டி வைத்தேன்.

தேறிவிட்டார். பூங்கொத்து, போட்டோ எல்லாம் முடிந்து கூட்டம் வெளியேறியது. கடைசியாகக் கிளம்பியவர் கதவருகே நின்றார். கை சுவிட்சு வரை போய்த் தயங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு அணைக்கலாம், தேத்தே," என்றேன்.