அக்காவுக்குப் பின்னால் வாசித்தவள்

எங்கள் வீட்டில் அக்கா பாடுவாள், நான் வயலின் வாசிப்பேன். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை. அக்காவை எட்டு வயதில் பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். மூன்று வருடம் கழித்து என் முறை வந்தபோது, "ரெண்டு பேரும் பாடினா வாசிக்கிறது யாரு?" என்று அப்பா கேட்டார். அடுத்த வாரமே முக்கால் அளவு வயலின் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய அப்பாவும் ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து அதே வேலைக்காக வந்தவர்தான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் இந்தியும் என்று வளர்ந்தோம். குவார்ட்டர்ஸின் முன்னறையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் சாதகம். அப்பா வேலைக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டே கேட்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். இல்லாவிட்டால், "இன்னாமா, தூக்கமா?" என்பார்.

பக்கவாத்தியம் வாசிக்கிறவருக்குத் தனி வழி கிடையாது. பாடுகிறவர் போகிற வழியில் அரை அடி பின்னால் போக வேண்டும். நான் அக்காவை அப்படிப் படித்து வைத்திருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் அவளுடைய இடது தோள் லேசாக எழும்பும். மூச்சு போதவில்லை என்றால் தாளம் போடும் கை சற்று அழுந்தும். அவள் முகத்தைப் பார்க்காமலே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பாட்டு பிடித்திருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

நவராத்திரிக்கும் ராமநவமிக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரே நிறத்தில் பட்டுப்பாவாடை, பிறகு ஒரே நிறத்தில் புடவை. எனக்குப் பதினேழு வயதான வருடம், நவராத்திரியில், எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் கச்சேரி. நான்கு வரிசை நாற்காலி, அதற்குப் பின்னால் ஜமக்காளம். கல்யாணி ராகத்தில் பெரிய பாட்டு. பாட்டு முடிந்து, ஒரு வரியை எடுத்துக்கொண்டு அக்கா ஸ்வரம் பாட ஆரம்பித்தாள். அவள் ஒரு சுற்று பாடினால் நான் ஒரு சுற்று வாசிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று சுற்று சரியாக வந்தது. நான்காவதை அவள் தொடங்க வேண்டும். அவள் பாடவில்லை.

தாளம் போய்க்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் முழுக்கக் காலியாகப் போனது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் தொடங்க வேண்டிய ஸ்வரத்தை மெதுவாக இழுத்துக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. வாசித்தேன். அவளுடைய சுற்றையும் என்னுடையதையும் சேர்த்து, அதற்கு மேலும் மூன்று நான்கு சுற்றுகள். வில் தானாக ஓடியது. யாருடைய தோளையும் பார்க்கத் தேவையில்லாத அந்தச் சில நிமிடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. கடைசியில் நான் அந்த வரிக்கு வந்து சேர்ந்தபோது, அக்கா சின்னக் குரலில் சேர்ந்துகொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"பெரியது மறந்துடுச்சு, சின்னது காப்பாத்திடுச்சு" என்று அப்பா அன்று எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. அக்கா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே சுண்டல் சாப்பிட்டாள்.

அதன் பிறகு அவள் மேடை ஏறவில்லை. முதலில் தொண்டை கட்டியிருந்தது. பிறகு பரீட்சை. பிறகு வேலை கிடைத்தது, கல்யாணம் நிச்சயமானது, புனேவுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவள் வாயை மூடியது நான்தான் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. அவள் கல்யாண வரவேற்பில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். விரலில் அடிபட்டது என்று பொய் சொன்னேன்.

எனக்கு ஹைதராபாத்தின் இன்னொரு கோடியில், கச்சிபௌலியில் வேலை கிடைத்தது. முதலில் ஹாஸ்டல், இரண்டு வருடத்துக்குப் பின் தனியாக ஒரு சின்ன ஃப்ளாட், பன்னிரண்டாவது மாடி. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது, வேலைக்கார அம்மாவிடம் நேரம் பேசுவது, ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்குவது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். வயலின் பீரோவின் மேல் இருந்தது. ஓரிரு முறை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒரு வரி வாசித்ததும் கை நின்றுவிடும். அடுத்த வரியைத் தர யாரும் இல்லை. திரும்ப உறையில் வைத்துவிடுவேன்.

போன வருடம் அலுவலகப் பயிற்சிக்காக அக்கா ஹைதராபாத் வந்தாள். மூன்று நாள் என்னோடு தங்கினாள். இரண்டாம் நாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பீரோ தெரியும்.

"இன்னாடி, அது மேல அவ்ளோ தூசி? வாசிக்கிறதே இல்லயா?"

"இல்லக்கா."

"கைக்கு? ஏன்டி?"

தோசையைத் திருப்பிப் போட்டேன். பத்து வருடமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சட்டுவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு நீ மறந்தப்ப நான் எடுத்துக் குடுத்திருக்கணும்கா. வேணும்னேதான் வாசிச்சிக்கினே போனேன். உன்ன விட்டுட்டு."

"தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேன்ல."

அவளே தொடர்ந்தாள். "ஆனா நான் மறக்கலடி. எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. வாயத் தொறக்கப் புடிக்கல. டென்த்லேருந்தே அப்பாகிட்ட நக்கோ நக்கோ, பாட்டு வேணாம்னு சொல்லிக்கினு இருந்தேன். இந்த வருசம் மட்டும், இந்த வருசம் மட்டும்னு சொல்லியே இழுத்தாரு. அன்னிக்கு நீ வாசிச்சிக்கினே போன. நான் பாடலன்னாலும் ஒண்ணும் ஆவலயேன்னு அப்பத்தான் பாத்தேன். எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"இத இத்தன நாள் ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றாள். பிறகு, "தோச கருவுது பாரு" என்றாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். வீட்டுக்கு ஓட நினைத்த ஒரு பெண்ணின் பின்னால் அத்தனை வருடம் நடந்திருக்கிறேன். அவளுடைய மூச்சு, தோள், கை எல்லாம் எனக்கு அத்துப்படி என்று பெருமை வேறு. அந்தக் கோபம் ஒரு வாரம் இருந்தது. அது போன பின் ஒன்று மட்டும் மிஞ்சியது. அன்று எனக்குப் பிடித்திருந்தது என்பதை இத்தனை நாளும் ஒரு குற்றமாகவே நினைத்திருந்தேன். அதில் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வயலினை இறக்கினேன். ஒரு தந்தி அறுந்திருந்தது. செகந்திராபாத் போய்ப் புதுத் தந்தி வாங்கி வந்து மாட்டி, சுருதி சேர்த்து, ஒரு வரி வாசித்தேன். கை வழக்கம்போல் நின்றது. கொஞ்சம் காத்திருந்தேன். யாரும் பாடவில்லை. அடுத்ததையும் நானே வாசித்தேன். நன்றாக இல்லை. இருந்தாலும் அதற்கடுத்ததையும் வாசித்தேன்.

மூன்றாவது வாரம் எதிர் ஃப்ளாட் பெண்மணி கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்கத் தயாராகத் திறந்தேன். "நீங்க பதினோரு மணிக்கு ஆரம்பிக்கிறீங்க, அப்பத்தான் பாப்பா தூங்குது. பத்துக்கே ஆரம்பிங்களேன், நானும் வேலை செஞ்சுகிட்டே கேப்பேன்" என்று தெலுங்கில் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிறு பத்து மணி என்று ஆகிவிட்டது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ஓய்வு பெற்று அம்மாவோடு ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறார்.

"கச்சேரியா? யாருக்கு வாசிக்கிற?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லப்பா. சும்மா நானே."

 

"ஹவ், சரி" என்றார். பிறகு, "அங்க தண்ணி ஒழுங்கா வருதா?" என்று விசாரித்தார்.