மழை பெண்பால்

நான் பிரெஞ்சு படித்தது மொழி மீதிருந்த ஆசையால் அல்ல. மும்பை டிராம்பேயில் அப்பாவோடு ரிஃபைனரியில் ஷிப்ட் பார்த்த யாரோ ஒருவர், மராத்தியை விட அதில் மார்க் அள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதோடு என் தலையெழுத்து முடிவாகிவிட்டது. திலக் நகரில் எங்கள் கட்டடத்தில் பிரெஞ்சு படிக்கும் ஒரே பிள்ளை நான்தான். சர்ச்சிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். நான் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிக் காட்டுவேன். எல்லோரும் அசந்துபோவார்கள்.

பத்தாம் வகுப்பில் ஒரு புது வினை வடிவம் வந்தது. நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல் போன காரியங்களைச் சொல்வதற்கானது. அவன் கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன், பஸ் கிடைத்திருந்தால் அவள் வந்திருப்பாள் என்பது போல. வகுப்பில் பாதிப் பேருக்கு அது தலையிலேயே ஏறவில்லை. எனக்கோ உடனே புரிந்துவிட்டது. காரணம், எங்கள் அப்பா. முந்தின வருடம் தாராவியில் இருந்த பெரியப்பாவின் மகள், வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். அப்பா சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "எம்மவளா இருந்திருந்தா அன்னைக்கே ரெண்டு துண்டா வெட்டிப் போட்டிருப்பேன்." சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அக்கா ஊற்றினாள். தரையில் சிந்தியதை அவள் அவசரமாகத் துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன். அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. குர்லா ஸ்டேஷன் பாலத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஆபீஸில் வேலை பார்க்கும் மராத்திக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் துணி காயப்போடும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பாட்ட மூச்சு விட்ட, நான் செத்தேன். வெளையாட்டுக்குச் சொல்லல பாத்துக்க. நெசமாவே செத்துருவேன்."

அப்பா கொன்றுவிடுவாரா, அவளே ஏதாவது செய்துகொள்வாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் அது என் வாயில்தான் இருந்தது. அதன்பிறகு அப்பாவின் முன்னால் சாப்பிடக்கூட வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரெஞ்சு மிஸ் வீட்டுப்பாடம் கொடுத்தார். புது வினை வடிவத்தில் பத்து வாக்கியங்கள். பாடப்புத்தகத்திலிருந்து சுடக்கூடாது, அவரவர் வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டும். மிஸ் மாட்டுங்காவில் தனியாக இருந்தார். கழுத்து வரை வெட்டிய நரைமுடி, காலரில்லாத குர்தா. எங்களிடம் இங்கிலீஷ், பியூனிடம் ஹிந்தி. அவர் கோவாக்காரர் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

ஒன்பது வாக்கியங்கள் எப்படியோ வந்துவிட்டன. நான் சீக்கிரம் எழுந்திருந்தால் பஸ் கிடைத்திருக்கும் என்ற வகையில். பத்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அதை எழுதினேன்: நான் அப்பாவிடம் சொல்லியிருந்தால், என் அக்கா செத்துப்போயிருப்பாள். எழுதியதும் மனசு லேசானது. எங்கள் வீட்டில் அதை வாசிக்க ஆள் கிடையாதே. பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்தது போல நிம்மதியாக இருந்தது. மிஸ் வாசிப்பார் என்பது எப்படி என் நினைவுக்கு வராமல் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுவாரம் எல்லோருடைய நோட்டும் திரும்பி வந்தது. என்னுடையது வரவில்லை. மணி அடித்த பிறகு மிஸ் என்னை நிறுத்தி, "நாளைக்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வா" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிக் கூட்டிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு இங்கிலீஷே அரைகுறை. ஆனால் அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். பகலில் வீட்டில்தான் இருந்தார். நான் அடுக்களையில் முணுமுணுத்தது கட்டிலில் படுத்திருந்தவர் காதில் விழுந்துவிட்டது.

"ஸ்கூல்ல என்னட்டி செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலப்பா. பிரெஞ்சுல கொஞ்சம் தப்பு வந்துட்டு."

"அப்ப நானே வாரேன். பிரெஞ்சு எடுக்கச் சொன்னது நாந்தானே."

மறுநாள் அப்பா சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டார். ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி என்றே நான் நினைத்தேன். சிக்னலில் ஆட்டோ நின்றபோதெல்லாம், குதித்து ஓடிவிடலாமா என்று யோசித்தேன்.

ஸ்டாஃப் ரூமில் மிஸ் மட்டும் இருந்தார். என் நோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது. அப்பாவைக் கண்டதும் மிஸ்ஸின் முகம் மாறியது. அவர் அம்மாவை எதிர்பார்த்திருந்தார் போலும். அப்பாவின் பெரிய கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழவில்லை, ஆனால் உதட்டைக் கடித்ததில் வாயில் ரத்தச் சுவை இருந்தது.

"பெரிதாக ஒன்றுமில்லை. கெட்டிக்காரப் பெண். இலக்கணத்தில் கொஞ்சம் கவனம் போதாது, அவ்வளவுதான்" என்றார் இங்கிலீஷில்.

அப்பாவுக்கு அது போதவில்லை. அரை நாள் தூக்கத்தை விட்டு வந்தவர். நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, பத்தாவதில் வந்து நின்றது. அங்கேதான் சிவப்பு மை இருந்தது. செத்துப்போவதற்கு 'மோர்' என்று நான் எழுதியிருந்த சொல்லின் கடைசியில் ஒரே ஒரு எழுத்தை மிஸ் சேர்த்திருந்தார். பிரெஞ்சில் போவது, வருவது, சாவது போன்ற வினைகளில், ஆள் பெண்ணாக இருந்தால் அந்த எழுத்து வேண்டும். அக்கா பெண். நான் மறந்துவிட்டேன்.

"இதுல என்ன எழுதிருக்க? தமிழ்ல சொல்லு."

மோர் என்பது இங்கிலீஷ் எழுத்தில் எம், ஓ, ஆர், டி. அது மார்ச்சுவரி மாதிரி இருக்கிறதே, அப்பா கண்டுபிடித்துவிடுவாரே என்று ஒரு கணம் பயந்தேன். பிறகு என் வாய் தானாகப் பேசியது.

"காத்து திரும்பியிருந்தா, மழை வந்திருக்கும்."

மிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோவாக்காரிக்குத் தமிழ் என்ன தெரியும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம்.

அப்பா மிஸ்ஸிடம் திரும்பி, இந்த ஒற்றை எழுத்து எதற்கு என்று இங்கிலீஷில் கேட்டார். ஆண்பால், பெண்பால் வித்தியாசம், இது பெண்பாலுக்கு உரியது என்றார் மிஸ். அப்பாவின் நெற்றி சுருங்கியது. ரிஃபைனரியில் முப்பது வருடம் மீட்டர் பார்த்த கண். எங்கே கணக்கு உதைக்கிறது என்று அதற்குத் தெரியும். என் பக்கம் திரும்பினார்.

"மழைல ஏதுட்டி ஆம்பள பொம்பள?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு" என்று மிஸ் இங்கிலீஷில் சொன்னார். "மேசை பெண், நாற்காலி பெண், புத்தகம் ஆண். மழை பெண். உங்கள் மகள் அதைத்தான் மறந்துவிட்டாள்."

அப்பா சிரித்துவிட்டார். "வெள்ளக்காரனுக்கு வேற வேல இல்ல போல" என்றபடி எழுந்தார். தண்ணீர் குடிக்க வெளியே போனார். அந்த இரண்டு நிமிடத்தில் மிஸ் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அக்கா சாயங்காலம் எந்த டிரெயினில் வருவாள்? ஏன் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. ஆறே முக்காலுக்குத் திலக் நகரில் இறங்குவாள், பார்க்க என்னை மாதிரியே இருப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அப்பா எனக்கு வடாபாவ் வாங்கித் தந்தார். ஒரே பொய்யில் மிஸ்ஸுக்கு எதிரிலேயே அப்பாவை ஏமாற்றிவிட்ட வெற்றியோடு தின்றேன். அந்த வெற்றி சாயங்காலம் வரைதான் நின்றது. ஏழாகியும் அக்கா வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. மிஸ்ஸிடம் டிரெயின் நேரத்தைச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எட்டு மணிக்கு அக்கா வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே சாப்பிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் ஆபீஸுக்குப் போனவள் திரும்பவில்லை. பதிவுத் திருமணம். அப்பா யாரையும் வெட்டவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாலு வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு பேரனுக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவள் குடியிருந்த டோம்பிவிலிக்கு லோக்கல் டிரெயின் பிடித்துப் போனார்.

அந்த டோம்பிவிலி வீட்டில்தான், நான் வேலைக்குப் போன பிறகு, அக்கா ஒருநாள் சொன்னாள். அன்று சாயங்காலம் ஸ்டேஷன் படிக்கட்டில் நரைமுடிக்காரப் பெண் ஒருவர் அவளை மறித்தாராம். பாண்டிச்சேரித் தமிழாம். அப்பா நிஜமாகவே கை வைப்பாரா, நீ நிஜமாகவே சாக நினைத்தாயா என்று நேராகவே கேட்டாராம். சாகவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், ஒரு மாதம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து முறையாகப் பதிவு செய்யலாம் என்று சொல்லிக் கொடுத்தாராம். கல்யாணப் பதிவில் மூன்று சாட்சிகளில் ஒருவர் அவர்தானாம்.

"நீங்க யாரு, எதுக்கு இதெல்லாம் செய்யுதீங்கன்னு கேட்டேன்" என்றாள் அக்கா. "எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா. அவளப் பத்தி எங்க வீட்ல யாரும் உன் தங்கச்சி மாதிரி எழுதி வைக்கலன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

அப்பா மழையைப் பற்றிக் கேட்டது தமிழில். நான் சொன்ன பொய்யும் தமிழில். மிஸ்ஸிடம் எதையும் யாரும் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லவில்லை. பதினைந்து வயதில் இது எனக்கு உறைக்கவில்லை. மாறாக, அக்காவின் ரகசியம் தெரிந்த ஆபத்தான ஆள் அவர் என்றே நினைத்தேன். அந்த வருடம் முடியும்வரை, வராந்தாவில் அவர் எதிரே வந்தால் நான் மாடிப்படியில் ஏறி ஒளிந்துகொள்வேன். அவரும் ஒருநாள்கூட என்னைக் கூப்பிடவில்லை.