சொர்ணம் போட்ட பின்னல்

கரையான்சாவடியில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக உள்ள வீட்டில் சொர்ணம் குடியிருக்கிறாள். கணவர் அப்பாவு அம்பத்தூர் பட்டறைகளில் இருபத்தாறு வருடம் கிரைண்டிங் வேலை பார்த்தவர். அங்கே பறந்த இரும்புத் தூசி நுரையீரலைத் தின்று தீர்த்துவிட்டது. இப்போது அவருக்கு மூச்சு கொடுப்பது கட்டிலோரம் நிற்கும் ஆக்சிஜன் மிஷின்தான். அது நின்றால் கால் மணி நேரம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து சொர்ணத்துக்குக் கோழித் தூக்கம்தான்.

போன மாதம் கக்கூசுக்கு எழுந்த மனிதர் ஒயரில் கால் சிக்கி விழுந்து, நெற்றியைப் பிளந்துகொண்டார். மிஷின் ஒயர், டிவி ஒயர், டேபிள் ஃபேன் ஒயர் என்று மூன்றும் தரையில் சிடுக்காகக் கிடந்தன. சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்றையும் சேர்த்து இறுக்கமாகச் சடை பின்னி, நுனியில் ரப்பர் பேண்டும் போட்டுச் சுவரோரம் ஒதுக்கினாள்.

"இன்னாமே, பூ வைக்கலியா?" என்று அப்பாவு சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய இன்ஜினியர்தான், போங்கள்! ஒன்றே ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. மிஷின் கீச்சென்று கத்தியது. எப்போதும்போல அதன் பிளக்கைப் பிடுங்கி, சமையற்கட்டில் உள்ள இன்வெர்ட்டர் பாயின்ட்டில் சொருக ஓடினாள். ஒயர் ஒரு ஜாண்கூட வரவில்லை. இழுக்க இழுக்கப் பின்னல் இறுகியது. ரப்பர் பேண்டை அறுத்தாள். நகத்தால் நெம்பினாள். நகம்தான் பிய்ந்தது. அப்பாவுவின் உதடு நீலம் பாரித்தது.

"தோ வந்துட்டேன்யா, கண்ண மூடாதய்யா!" என்று அலறினாள். நம் கையாலேயே இந்த ஆளைக் கொன்றுவிட்டோமே என்று பதறினாள்.

அதற்குமேல் அவள் எதையும் பிரிக்கவில்லை. மற்ற இரண்டு பிளக்கையும் பிடுங்கி, பின்னலை மொத்தமாகத் தோளில் போட்டு இழுத்தாள். ஃபேன் கவிழ்ந்து தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. டிவி குப்புற விழுந்து நொறுங்கியது. பிளக் பாயின்ட்டுக்குள் போனதும் மிஷின் உறுமியது. உதட்டில் நிறம் திரும்பும்வரை அவர் மார்பில் கை வைத்தபடி நின்றாள்.

"டிவி பூட்ச்சா?" என்றார் அப்பாவு.

"பூட்ச்சு. நீ உசுரோட கீறியே, அது போதும்யா" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

இப்போது மிஷின் ஒயர் எதோடும் சேராமல் தனியாக நடு வீட்டில் கிடக்கிறது. யாரையும் அதைத் தொட விடுவதில்லை. அப்பாவு எழும்போதெல்லாம் சொர்ணம் முன்னால் ஓடி, அவர் கால் படாமல் ஒயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கோழித் தூக்கமும் போய்விட்டது.