மஞ்சள் படாத தரை

மஸ்கட்டில் கோடை முற்றும்போதுதான் நாங்கள் ஸ்வெட்டரைத் தேடுவோம். வெளியே செருப்பின் அடிப்பாகம் இளகும். அலுவலகத்துக்குள் நுழைந்தால் விரல்கள் விறைத்துப்போகும். கண்ணாடியால் கட்டடம் கட்டி, வெயிலை உள்ளே வரவழைத்து, அப்புறம் அதைத் துரத்த இராப்பகலாக இயந்திரம் ஓட்டுகிறார்கள். அந்த இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. சோறு போடும் தொழிலைப் பழிக்கக்கூடாதுதான், ஆனாலும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அதையே ஊரில் என் வீட்டு முகப்பிலும் ஒட்டிவைப்பார்கள் என்று அப்போது தெரியாது.

வீடு திருத்தணியில், மலையடிவாரத் தெருவில். அம்மாவுக்காகக் கட்டியது. பழைய ஓட்டு வீட்டைப் பற்றிப் பெருமையடிக்க மாட்டேன். மழைக்கு ஒழுகும், ஓட்டிடுக்கிலிருந்து தேள் விழும், இடிக்கச் சொன்னவனே நான்தான். ஆனால் அதன் நடுவே திறந்த முற்றம் ஒன்று இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் காவடியோடு வரும் சொந்தக்காரர்கள் அங்கேதான் இறங்குவார்கள். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரம் சொட்ட நடமாடுவார்கள். மஞ்சள் வேட்டிகளையும் சேலைகளையும் முற்றத்தின் குறுக்கே கொடி கட்டிக் காயப்போடுவார்கள். அந்த ஈரத்துணிகளுக்கு ஊடே வரும் காற்றில் வீடே குளிர்ந்து கிடக்கும். ஈரம் காயும்போது சூடு இறங்கும் என்று பிற்பாடு வகுப்பில் பாடம் நடத்தினார்கள். இதற்கா பணம் கட்டிப் படிக்கிறோம் என்று சிரித்துக்கொண்டேன்.

புது வீட்டுக்கு நான் கேட்டது அதிகமில்லை. கனமான செங்கல் சுவர், சன்னல்களுக்கு மேல் நிழல் விழ நீண்ட சஜ்ஜா, மொட்டைமாடியில் வெள்ளை ஓடு, நடுவே திறந்த முற்றம், குரங்கு இறங்காமலிருக்க அதன்மேல் இரும்புக் கம்பி. வரைந்து அனுப்பினேன். வேலையை மேற்பார்த்தவர் அக்கா வீட்டுக்காரர், என் பாவா. வாட்ஸப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சில மாதம் கழித்து வந்த படத்தில் மேற்குப் பார்த்த முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. வயிற்றெரிச்சலில் அலுவலகத்து சலீமிடம் காட்டினேன். அவர் மஸ்கட்காரர். “பாருங்கள், வெயிலூரில் கண்ணாடி வீடு” என்றேன். எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். “மாஷா அல்லா, மஸ்கட் மாதிரியே இருக்கிறது.” நான் மறுக்க மறுக்க அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் எல்லாருக்கும் அல்வா வாங்கி வந்தார். அந்த அல்வாவை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த ஆடிக்கு விடுப்பில் போனேன். வாசலில் இரண்டு சிமெண்ட் யானைகள். வெண்கல உருளியில் பிளாஸ்டிக் தாமரை. துளசி மாடத்துக்கு நேர் மேலே ஏசியின் வெளிப்பெட்டி அனல் கக்கிக்கொண்டிருக்க, கீழே துளசி குச்சியாய் நின்றது. முற்றம் இருந்தது, மேலே கண்ணாடிக் கூரையோடு. அதன் அடியில் நின்றபோது இட்லிப் பானைக்குள் நிற்பது போலிருந்தது.

“இதை ஏன் மூடினீங்க, பாவா?”

“இன்னா மச்சான் இப்டி கேக்கற? தொறந்து வுட்டா ஏசி காத்து பூரா மேல பூடும். வாஸ்துப்படி நடுவுல பிரம்மஸ்தானம் கீது பாரு. ஒரு கொறையும் வைக்கல.”

சம்பிரதாயம் என்று சொல்லிக்கொண்டே அதன் கழுத்தை நெரிப்பதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்மா சமையலறையில் ஓர் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

கிருத்திகையன்று காலையில் நகரிச் சித்தியும் அவள் மகன்களும் காவடிகளோடு வந்தார்கள். எல்லாரும் விரதம். குளித்து, மஞ்சள் துணியோடு சித்தி கூடத்தில் கால் வைத்ததும் வெள்ளை டைல்ஸில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. பாவா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

“அத்தே, வெளியவே தொவட்டிகினு வாங்க. கறை புடிச்சிகினா போவாது.”

துணி காயப்போட பால்கனிக்குப் போன பையனையும் தடுத்தார். அங்கே போட்டால் எலிவேஷன், அதாவது முகப்பின் அழகு, கெட்டுவிடுமாம். பூசையறையில் ஓதுபவரைப் போல அந்த வார்த்தையை அவ்வளவு பக்தியோடு சொன்னார். திருவிழா நெரிசலில் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திறக்கிற மாதிரி ஒரு சன்னல்கூட அந்த முகப்பில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெறும் வயிற்றோடு நின்றிருந்த சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

அம்மா அவளைத் தாங்கி வெளியே கூட்டிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பிறகு ஒரு காவடியைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“வாங்க, சத்திரத்துக்குப் போலாம்.”

“நீ எங்க போற?” என்றேன்.

“ஆடிக்கு வந்தவங்கள குந்த வைக்க எடமில்லாத வூட்ல எனக்கு இன்னா வேல, நைனா? மேல கீற கண்ணாடிய எடு. அப்பறம் வரேன்.”

நான் பாவாவைப் பார்த்தேன். அவர் ஆசிட் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “எடுத்துடுங்க பாவா” என்றேன். “தூசி வரும், மச்சான்” என்றார், தலை நிமிராமல்.

மலைக்குப் போய்த் திரும்பிய அவர்களைத் தேடி மதியம் சத்திரத்துக்குப் போனேன். வேப்பமரத்துக்கும் கம்பத்துக்கும் இடையே கொடி கட்டி மஞ்சள் துணிகளைப் போட்டிருந்தார்கள். அம்மா அடியில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என்னை “வாடா நைனா” என்று கூப்பிடும் சித்தி எழுந்து நின்றாள்.

“வாங்க தம்பி. இந்த வெயில்ல ஏன் வந்தீங்க, ஏசில இருந்திருக்கலாமே. டேய், ஒரு சேர் கொண்டா.”

சேர் வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தேன். கொடியிலிருந்து என் தோளில் ஈரம் சொட்டியது. நான் நகரவில்லை.

அம்மா சித்தியோடு நகரிக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பாவா அவ்வப்போது படம் அனுப்புகிறார். கறை சுத்தமாகப் போய்விட்டது, தரை பளபளக்கிறது, அதில் ஒருவருமில்லை. என் சட்டைத் தோளில் விழுந்த மஞ்சள் மட்டும் எத்தனை துவைத்தும் போகவில்லை. மஸ்கட்டில் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். மேலே ஸ்வெட்டர் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.