ஆம்ப் மேல் விழுந்த சால்வைகள்

சித்தப்பாவின் கிட்டார் ஆம்ப்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் அவர் படிக்கப் போவதில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வீடு வல்லம் வடகாலில். அப்பா இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். அவருடைய தம்பியும் எங்களோடுதான் இருந்தார். சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து அதே கம்பெனியில் அவரைக் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டவர் அப்பாதான். வாரம் முழுக்கச் சித்தப்பா லைனில் நின்று கார்க் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். எது அவருடைய நிஜமான வேலை என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில், சென்னையில் ஹோட்டல் பேண்டில் வாசித்து ஓய்ந்த ஒருவரிடமிருந்து சித்தப்பா வாங்கி வந்த பெட்டி அது. கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், வால்வு வைத்த பழைய ஆம்ப். முதுகுப் பக்கம் மூடி கிடையாது. சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. உள்ளே இருக்கும் வால்வுகள், பல்பு மாதிரியான கண்ணாடிக் குழாய்கள், மெல்லச் சிவந்து வரும்.

“சூடாவணும் பாப்பா. சூடானாத்தான் அது பாடும்” என்பார்.

சூடானால் மட்டும் போதாது, சத்தத்தையும் ஏற்ற வேண்டும். குறைத்து வைத்தால் எந்தக் கடைப் பெட்டியிலும் வருகிற சத்தம்தான் இதிலும் வரும். பாதிக்கு மேல் திருப்பினால் வால்வு திணற ஆரம்பிக்கும். அந்தத் திணறலில்தான் விஷயம் இருக்கிறது என்பார் சித்தப்பா. தந்தியை மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேசும், அழுத்தி மீட்டினால் தொண்டை கட்டியவர் அழுவதுபோல் கரகரக்கும். ஆனால் அந்த அளவுக்கு ஏற்றினால் ஓட்டு வீடே அதிர்ந்தது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் பக்கத்து அறைப் பையன்கள், திருநெல்வேலிப் பக்கத்தவர்கள், ஒருநாள் கூட்டமாக வந்து முறையிட்டுவிட்டுப் போனார்கள்.

சித்தப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். அம்மாவின் மர அலமாரியைத் திறந்து வைத்து, ஆம்ப்பின் முகத்தை அதற்குள் திருப்பிவிட்டார். முதுகு மட்டும் வெளியே காற்றாட இருந்தது. சத்தத்தையெல்லாம் அம்மாவின் புடவைகள் வாங்கிக்கொண்டன. பதிவு செய்ய இடையில் ஒரு மைக். ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் காதைக் குத்துகிறது என்று விரல் விரலாக ஓரத்துக்கு நகர்த்திப் பார்த்தார். சரியான இடம் கிடைத்தபோது சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணப் புடவையில் கிட்டார் வாசம் வருகிறது என்று அம்மா புலம்பினாள். புலம்பிக்கொண்டே மைக்குக்கு இடம் விட்டுப் புடவைகளை ஒதுக்கியும் கொடுத்தாள்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை அந்தப் பெட்டியின் மேல் போட்டேன். அப்பா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

“மேல துணி கிணி போடாத. உள்ள நெருப்பு கீது. துணி உள்ள தொங்கி வால்வ தொட்டுச்சின்னா அவ்ளோதான், பொட்டியே பூடும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. கம்பெனியிலிருந்து ‘சூடான பாகம்’ என்று எழுதிய மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து அவரே பெட்டியின் தலையில் ஒட்டினார்.

அலமாரியில் பதிவு செய்ததைச் சித்தப்பா சென்னையில் ஒரு ஸ்டுடியோக்காரருக்குப் போனில் அனுப்பியிருந்தார். கிறிஸ்தவப் பாட்டுகள் பதிவு செய்கிறவர். இந்தச் சத்தம் எந்தப் பெட்டியில் வந்தது என்று அவர் கேட்டாராம். உங்கள் சர்ச் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்து நேரில் கேட்கிறேன், மேடையிலும் இப்படியே வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, மாதம் முழுக்க வேலை இருக்கிறது என்றாராம். அதே சமயத்தில்தான் கம்பெனியில் பெர்மனென்ட் லிஸ்டில் சித்தப்பாவின் பெயர் வந்திருந்தது. ஸ்டுடியோவுக்குத்தான் போவேன் என்று சித்தப்பா சொன்னதும் அப்பா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

“இவனுக்காக எத்தினி பேர் கால்ல வுய்ந்திருப்பேன்” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

கன்வென்ஷன் அன்று சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சித்தப்பா ஆம்ப்பை மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் ஏற்றி, ஜனங்களின் காதில் அறையாமல் சற்றுத் திருப்பி வைத்து, மைக்கை ஸ்பீக்கரின் அதே ஓரத்தில் நிறுத்தினார். சூடாகட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய் ஸ்டுடியோக்காரரின் பக்கத்தில் நின்றார்.

எங்கள் பக்கத்தில் சால்வை போடாமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. வந்த போதகர்களுக்கு, நிலத்தைக் கொடுத்தவருக்கு, பந்தல்காரருக்கு, எல்லோருக்கும் சால்வை. போர்த்தி, போட்டோ எடுத்ததும் அதைக் கழற்றி வாங்கி ஓரமாக வைக்க ஒருவர் வேண்டும். அன்று அந்த வேலை அப்பாவுக்கு. ஜரிகை போட்ட நைலான் சால்வைகளை ஒவ்வொன்றாக வாங்கி ஆம்ப்பின் மேல் போட்டார். கடைசி இரண்டும் முதுகுப் பக்கமாக உள்ளே சரிந்து தொங்கின. மேடையில் நிற்கும் அப்பாவைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புகை வந்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம், உள்ளே பட்டென்று ஒரு சத்தம். முதலில் ஓடியவர் அப்பாதான். வயரைப் பிடுங்கி, சால்வைகளை இழுத்துப்போட்டு, பெட்டியை மேடையிலிருந்து இறக்கினார். நல்ல வேளை, எலெக்ட்ரீஷியன் பக்கத்திலேயே இருந்தார் என்று போதகர் மைக்கில் ஸ்தோத்திரம் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

சித்தப்பாவின் கிட்டாரை நேராக சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரில் செருகினார்கள். கொசு கத்துவதுபோல் இருந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் முன்வரிசை நாற்காலி காலியாகிவிட்டது. ஆம்ப்பில் வால்வு வெடித்து டிரான்ஸ்ஃபார்மரும் கருகியிருந்தது. வாலாஜாபாத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரர் உள்ளே பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: “ஏம்ப்பா, மேல துணி போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா அண்ணனையே பார்த்தார். அப்புறம் என் தலையில் கை வைத்து, “அண்ணன் மறந்துட்டிருப்பாரு பாப்பா” என்றார்.

அடுத்த வாரமே இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஷிப்டுக்குப் பக்கம் என்பதால் போகிறார் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அப்பா அவரைக் கூட்டி வந்து உட்கார வைத்து, தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கொடுக்கும்போது அப்பாவின் கண் கலங்கியிருந்தது. தம்பி கையிலும் ஒன்று வைத்தார்.

சித்தப்பா அதை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவருக்கு லட்டு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் லட்டோடு சேர்த்து அதையும் நானே தின்றேன்.