உயிரோடு இருந்த மோடம்

நெட் பழுது என்று கூப்பிட்டதால், அன்று காலை பதினோரு மணிக்கு, திருவிடந்தை பக்கம் ஈசிஆரில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்தேன். ஸ்கேன் டெக்னீஷியன் நசீமா கையில் மெமோவோடு நின்றிருந்தார். விபத்தில் அடிபட்டவரின் ஸ்கேன் படம் சென்னை டாக்டருக்கு ஒரு மணி நேரமாகப் போய்ச் சேரவில்லை. கடைசியில் நோயாளியையே ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், பிழைத்துக்கொண்டார். நசீமா அலட்சியமாக இருந்தாராம். மாலைக்குள் மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "ரிசப்ஷன்ல நெட் கீது, என் ரூம்ல கீது, கேன்டீன்ல கூட கீது. இந்தம்மா ரூம்ல மட்டும் இல்லியாம். யாருக்கு சார் காதுல பூ சுத்துறாங்க?"

"அனுப்பிகினேதான் சார் இருந்தேன். நாலு தபா அனுப்பினேன், போவல" என்றார் நசீமா.

எந்த அறையின் நெட் எந்த லைனில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் சுவிட்சை அங்கே கான்ஃபிகர் செய்தவன் நான்.

அங்கே இரண்டு இன்டர்நெட் லைன். ஸ்கேன் அறையின் டிராஃபிக் மட்டும் இரண்டாவது லைனில் போகும்படி பாலிசி ரூட்டிங் போட்டிருந்தேன். சுவிட்ச் அதை ஒப்படைக்கும் அடுத்த பெட்டிதான் நெக்ஸ்ட் ஹாப். அது உயிரோடு இருக்கிறதா என்று சில நொடிகளுக்கு ஒருமுறை பிங் என்ற சின்னக் கேள்வியை அனுப்பிப் பார்ப்பது ஹெல்த் செக். பதில் வராவிட்டால் முதல் லைனுக்கு மாறிவிடும்.

நான் பிங் வைத்திருந்தது சுவிட்சோடு அதே ரேக்கில் இருந்த, இரண்டாவது லைனின் மோடத்துக்கு. அன்று காலை சாலை தோண்டியவர்கள் வெளியே ஃபைபரை வெட்டிவிட்டார்கள். மோடத்துக்கு என்ன கவலை? கேட்டபோதெல்லாம் பதில் சொன்னது. சுவிட்சும் அதை நம்பி, படங்களைச் செத்த லைனில் கொட்டிக்கொண்டே இருந்தது. லைனுக்கு அப்பால் உள்ள முகவரியைத்தான் பிங் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒப்படைத்த அன்று சுவிட்சிலிருந்து மோடத்துக்குப் போகும் வயரைப் பிடுங்கிக் காட்டினேன், லைன் மாறியது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹெல்த் செக்கை மாற்றிய அடுத்த நிமிடமே படம் போனது. "தப்பு என்னுது சார், மெமோவை வாபஸ் வாங்குங்க" என்றேன்.

"சரி பண்ணிட்டீங்க இல்ல, வுடுங்க. மெமோ ஃபைல்ல ஏறிடுச்சி. அந்தம்மா ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்தா முடிஞ்சிது."

செய்யாத தப்புக்கு மன்னிப்பா? இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "கான்ஃபிகரேஷன் பிழை, பொறுப்பு நான்" என்று ரிப்போர்ட் எழுதினேன். நசீமா அனுப்பித் தோற்ற நான்கு நேரங்களும் ஸ்கேன் மெஷினிலேயே பதிவாகியிருந்தன. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை! அதையும் அச்செடுத்து இணைத்து, நிர்வாக இயக்குநருக்கே அனுப்பினேன். மாலையில் மெமோ ரத்தானது.

நடந்ததை நசீமாவிடம் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொட்டிய மட்டும் நிமிஷத்துக்குப் பத்து வாட்டி நல்லா கீறியான்னு கேட்டுகினு இருந்தீங்க. அது சொன்னத நம்புனீங்க. என்னை ஒருத்தரும் ஒரு தபா கூட கேக்கல சார்."

அதற்குப் பிறகு, எங்கே லைன் பழுது என்று கூப்பிட்டாலும், நெட் போகவில்லை என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுகிறேன். சுவிட்சில் லாகின் செய்வது அதற்கப்புறம்தான்.