இறால் ஓட்டில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

பிள்ளைகளா, நீங்கள் சின்ன வயதில் இருந்தபோது நான் வேலை முடிந்து வந்தாலே நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். அது இறால் ஓட்டின் நாற்றம். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை எனக்கு. விடியற்காலையில் திருத்தணியில் ரயில் ஏறுவேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் உரித்துக் கொட்டிய ஓடுகளைக் கோணியில் அள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பேன். திரும்பும்போது ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வழியில் மணவூர் வரைக்கும் காலை நீட்டித் தூங்கிவிடுவேன். அந்த அசதி அப்படி.

அங்கே ஆராய்ச்சி செய்த மேடம், ஓடு மக்கிய சேற்றிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து எடுத்திருந்தார். அது விடும் நொதியில் ஓடு கரைந்து ஒருவகைச் சர்க்கரையாகும், அதில் காயத்துக்கு மருந்து செய்யலாம் என்பார். மூன்று வருட உழைப்பு. ஆடி மாதம் கூடத்தில் மின்சாரம் பழுதாகிக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்ததெல்லாம் கெட்டுப்போனது. அந்தக் கிருமியோடு ஓடும் சேறும் போட்டு வைத்திருந்த ஒரு பானை மட்டும் மிஞ்சியது. பழுது பார்க்கக் கூடத்தைப் பூட்டியபோது அதை என்னிடம் கொடுத்தார்.

“இது போச்சுன்னா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க. தெனம் கொஞ்சம் தண்ணி தெளிங்க, போதும்.”

திருத்தணிக்குக் கொண்டுவந்து நம் வீட்டுக் கொல்லையில் வைத்தேன். ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, காவடியோடு வந்து இறங்கினார்.

“இன்னா பாவா, மலைக்குப் போற ஊட்ல எறா கொழம்பா?”

“கொழம்பு இல்லப்பா, ஓடு. ஆராய்ச்சிக்கு.”

“ஆங், முருகன் கேட்டா அப்படியே சொல்லு.”

உங்கள் அம்மா விரதத்தில் இருந்தாள். “வந்தவங்க மொகத்த சுளிச்சிகினு நிக்கிறாங்க. இத்த எங்கனா கொண்டுபோய் வையேன்” என்றாள். எங்கே வைப்பது? தெரு முழுக்கக் காவடிக்காரர்கள். வீட்டுத் தீட்டுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்து, சுடச்சுட ஒரு சொம்பு பானையில் ஊற்றினேன். மஞ்சள் கெட்ட கிருமியைத்தானே கொல்லும், நல்லதை விட்டுவிடும் என்று மனதார நம்பினேன். நாற்றமும் அடங்கியது. எல்லோரும் நிம்மதியாக மலையேறினோம்.

கூடம் திறந்ததும் மேடம் பானையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் தட்டுகளில் தடவினார். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் தட்டு கழுவி வைத்தது போலவே இருந்தது. தண்ணீர் காய்ந்துவிட்டதா, வெயில் பட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் வெயில் மேலேயே பழி போயிருக்கும். அன்று மாலை சொல்லிவிட்டேன்.

அவர் வெறும் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல கிருமி எதுன்னு மஞ்சளுக்கு எப்படிங்க தெரியும்?”

திட்டியிருந்தால் தேவலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அந்த வருடம் கொடுக்க வேண்டிய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும்.

“பழைய ஓடு கொட்ற எடம் எல்லாம் உங்களுக்குத் தெரியுமில்ல?” என்றார் கடைசியில்.

“தெரியும்மா.”

“அடியில இருக்கற சேறு வேணும். ஒவ்வொரு எடத்துலேயும் தனித்தனியா.”

மறுநாள் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்பினேன். முழங்கால் வரை சேற்றில் நின்று, இருபது டப்பாக்களில் அள்ளினேன். அதில் எதிலுமே அந்தக் கிருமி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன்.